தீலோஸ் தீவில் பத்து நாட்கள்

விடுமுறை கிடைத்தால் வெளி மாநிலத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் என்ன செய்யும் என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயிலுக்குச் சீட்டு வாங்கும், ஊருக்குப் போகும். போன இடத்தில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, தீராத ஒரு வரப்புத் தகராறு, குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல், எட்டிப் பாராவிட்டால் கோபித்துக்கொள்ளும் பத்து உறவினர் வீடுகள் என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, போனபோது இருந்ததைவிட அதிகக் களைப்புடன் திரும்பி வரும். மும்பையில் முப்பது ஆண்டுகளாக வாழும் நாங்களும் அப்படித்தான் செய்து வந்தோம்.

சென்ற ஆண்டு அந்த வழக்கம் முறிந்தது. என் தாயார் காலமானதும் ஊரில் எங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். ஆண்டு விடுமுறை வந்தபோது, முதன்முறையாக, கையில் நாட்கள் இருந்தன. போவதற்கு ஊர் இல்லை. "அமைதியான ஓரிடத்தில் பத்து நாள் சும்மா இருந்துவிட்டு வருவோம்" என்றாள் என் மனைவி. அப்படித்தான் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கிரேக்க நாட்டைச் சேர்ந்த தீலோஸ் என்னும் சிறு தீவை அடைந்தோம்.

கிரேக்கத் தீவு என்றதும் பலருக்கும் நினைவு வருவது சாந்தோரினி. நாட்காட்டிகளில் காணும் வெள்ளைச் சுவர்களும் நீலக் குவிமாடங்களும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைக் காண வரும் பெருங்கூட்டமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் கிரேக்க நாட்டில் மக்கள் வாழும் தீவுகள் மட்டுமே 200-க்கு மேல் உள்ளன. கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்கள் அவற்றுள் விமான நிலையம் இல்லாத ஒரு தீவைத் தேர்ந்தெடுத்தால் போதும். தீலோஸில் விமான நிலையம் இல்லை.

எங்கே இருக்கிறது?

கிரேக்க நாட்டின் தென்கிழக்குக் கோடியில், துருக்கிக் கரையை ஒட்டி, 'தோதெகானீஸ்' என்னும் தீவுக் கூட்டம் இருக்கிறது. பன்னிரு தீவுகள் என்பது அப்பெயரின் பொருள். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டுக்கும் அதிகம். அவற்றுள் மக்கள் மிகுதியாக வாழ்பவை ரோட்ஸ், கோஸ் என்னும் இரண்டு. இவ்விரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது தீலோஸ். பரப்பு 60 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நிரந்தரமாக வாழும் மக்கள் 800-க்கும் குறைவு. மும்பையில் நாங்கள் குடியிருக்கும் கட்டடங்களின் வளாகத்தில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்.

ஏதென்ஸுக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து ரோட்ஸுக்கு வேறொரு விமானத்தில் பறந்து, பிறகு விரைவுப் படகில் ஏறினோம். படகுப் பயணம் சுமார் இரண்டு மணி நேரம். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலிலும் வரலாம். அதற்கு ஓர் இரவைக் கடலிலேயே கழிக்க வேண்டும்.

படகு வளைகுடாவுக்குள் திரும்பியதும் லிவாதியா என்னும் துறைமுக ஊர் தெரிந்தது. பிறைபோல் வளைந்த கூழாங்கற் கரை. அதை ஒட்டி ஒற்றை வரிசையாய் வெள்ளை வீடுகள். அவற்றின் பின்னே பழுப்பு நிற மலைகள். படகிலிருந்து எங்களோடு இறங்கியவர் இருபது பேர் இருக்கலாம். கால் மணி நேரத்தில் அவரவர் வழியே போய்விட்டனர். படகும் போய்விட்டது. அதன்பின் கேட்டது கூழாங்கற்களை அலை உருட்டும் ஓசை மட்டுமே.

நாளும் பொழுதும்

நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள். இளமையில் கணவரோடு ஆஸ்திரேலியா சென்று, மெல்போர்ன் நகரில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியவர். அதனால் ஆங்கிலத்தில் பேச முடிந்தது. வந்த அன்று ஒரு தட்டில் அத்திப்பழமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். எவ்வளவு என்று என் மனைவி கேட்டதும் அவர் முகம் சற்று வாடியது. கிரேக்க மொழியில் 'ஸெனோஸ்' என்ற சொல்லுக்கு அந்நியன் என்றும் பொருள், விருந்தினன் என்றும் பொருள் என்பதைப் பிறகே அறிந்தோம்.

தீவின் தினசரி ஒழுங்கு எளிமையானது. காலையில் ரொட்டிக் கடை திறக்கிறது. காபிக் கடையில் முதியவர்கள் மணிமாலையை உருட்டிக்கொண்டும், நம் தாயக்கட்டத்தை ஒத்த ஓர் ஆட்டத்தில் காய்களை நகர்த்திக்கொண்டும் அமர்ந்திருக்கின்றனர். காபி சிறு கிண்ணத்தில் வருகிறது. வடிகட்டாத காபியாதலால் அடியில் வண்டல் தங்கும். நம்மைப்போல் ஒரே மூச்சில் குடித்தால் வாய் நிறையப் பொடிதான் மிஞ்சும். கோடைக் காலத்தில் பிற்பகல் 3 மணி முதல் 5.30 வரை ஊர் உறங்குகிறது. அந்நேரத்தில் கூச்சல் எழுப்பலாகாது என்பது நாடு முழுவதற்கும் உள்ள விதி. மாலையில் எல்லாரும் கடற்கரையோரம் உலவ வருகின்றனர். இரவு உணவு 9 மணிக்கு மேல்.

சைவ உணவினர் அஞ்ச வேண்டியதில்லை. கிரேக்கத் திருச்சபையில் நோன்பு நாட்கள் மிகுதி; அந்நாட்களில் இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கு. ஆகவே காய்கறிகளையும் பருப்பையும் ஆலிவ் எண்ணெயில் சமைப்பதில் இவர்கள் கைதேர்ந்தவர்கள். அரிசியும் நறுமண இலைகளும் அடைத்துச் சுட்ட தக்காளி, திராட்சை இலையில் பொதிந்த சோறு, மசித்த மஞ்சள் பட்டாணிப் பருப்பு, எலுமிச்சை பிழிந்த கீரை ஆகியவை எங்களுக்கு மிகவும் பிடித்தன. சில உணவுகளைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும், தக்காளியினுள் கொத்திறைச்சி சேர்ப்பதும் உண்டு. "நோன்பு உணவா?" என்று கேட்டுவிட்டு உண்பது நலம். மலைத் தைலப் பூண்டுகளில் தேனீக்கள் சேர்த்த தேனைக் கெட்டித் தயிரில் ஊற்றித் தருகிறார்கள். ஊறுகாய் கொண்டு போயிருந்தோம், திறக்கவேயில்லை.

பேரூரும் யானைக் குகையும்

தீவில் ஒரு பேருந்து ஓடுகிறது. அதில் ஏறித் தலைநகருக்குச் சென்றோம். அதன் பெயர் மெகாலோ ஹோரியோ. அதாவது பெரிய ஊர். சில நூறு பேர் வாழும் அவ்வூரைப் பேரூர் என்று வழங்கும் தன்னம்பிக்கையை நாங்கள் ரசித்தோம். குன்றின் சரிவில் வீடுகள் படிப்படியாய் ஏறுகின்றன. உச்சியில் செயின்ட் ஜான் வீரர்கள் கட்டிய கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன. பழைய கிரேக்கர்களின் கோட்டை இருந்த அதே இடத்தில்தான் அவர்கள் கட்டினர். 1522-இல் ரோட்ஸைத் துருக்கியர் வென்றனர். இத்தீவுகள் 1912 வரை அவர்கள் வசம் இருந்தன. பிறகு இத்தாலியர் ஆண்டனர். இவை கிரேக்க நாட்டுடன் முறைப்படி இணைந்தது 1948-இல்தான்.

கோட்டையைவிட நம்மவர் மனத்தைக் கவரக்கூடியது வேறொன்று. லிவாதியாவிலிருந்து பேரூருக்குச் செல்லும் வழியில், சாலைக்கு அருகே, ஹர்காதியோ என்னும் குகை இருக்கிறது. 1971-ஆம் ஆண்டு முதல் அங்கே ஏதென்ஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் தோண்டியபோது கிடைத்தவை யானை எலும்புகள்! சாதாரண யானைகள் அல்ல. வளர்ந்த யானையே ஏறத்தாழ ஆளுயரந்தான் இருக்கும். பெரிய யானைகள் என்றோ இத்தீவை அடைந்தன. இங்கே தீவனம் குறைவு. கொன்று தின்னும் பெரிய விலங்குகளும் இல்லை. குறைந்த தீவனத்தில் பிழைக்கத்தக்க சிறிய உடலே இங்கு வசதியாயிற்று. ஆகவே தலைமுறை தலைமுறையாக அவற்றின் உருவம் சுருங்கிற்று. ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் இவையாக இருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். சென்ற இடத்துக்கேற்ப உடலையே மாற்றிக்கொண்ட இவற்றின் கதையைக் கேட்டதும், வாடகை வீட்டின் அளவுக்கேற்பச் சாமான்களைக் குறைத்துக்கொண்ட எங்கள் மும்பை வாழ்க்கையை எண்ணி நாங்கள் சிரித்தோம்.

இத்தீவோடு ஒரு பெண்பாற் புலவரின் பெயரும் இணைந்திருக்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எரின்னா என்பவர் அவர். அவர் பிறந்த ஊரைப் பற்றிப் பழைய நூல்கள் பலவாறு கூறினும், தீலோஸுக்கே உரிமை வலுவாக இருக்கிறது. பத்தொன்பதாம் வயதில் மறைந்தார் என்பது செவிவழிச் செய்தி. அவர் பாடிய நீண்ட பாட்டின் சிதைந்த ஏடு ஒன்று 1928-இல் எகிப்தில் கிடைத்தது. சிறுவயதில் உடன் விளையாடிய தோழி மணமானபின் இறந்துபோனதை எண்ணி அவர் புலம்புகிறார். தோழியின் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லையே என்ற துயரம் அப்பாட்டில் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய அந்தத் துயரத்தை நம்முள் யார் அறியாதவர்?

கூரையில்லாத சிற்றூர்

ஐந்தாம் நாள் மாலை, வீட்டுக்கார அம்மாள் எங்களை மிக்ரோ ஹோரியோவுக்குப் போகச் சொன்னார். சிறிய ஊர் என்பது அதன் பொருள். லிவாதியாவிலிருந்து மேட்டு வழியே முக்கால் மணி நேரம் நடந்தோம். தொலைவில் பார்க்கும்போது ஊர் முழுமையாய் இருப்பதுபோலவே தோன்றிற்று. அருகே சென்றால் சுவர்கள் மட்டுமே நிற்கின்றன. வாசற்படிகள் உண்டு, அடுப்படி உண்டு, சுவரில் விளக்கு மாடங்கள் உண்டு. கூரை மட்டும் எந்த வீட்டிலும் இல்லை. உள்ளே அத்தி மரங்கள் முளைத்திருக்கின்றன. தேவாலயம் ஒன்றை மட்டும் வெள்ளையடித்துக் காத்து வருகின்றனர்.

கடற்கொள்ளையருக்கு அஞ்சிய காலத்தில் மக்கள் கடலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி இவ்வூரை உள்ளே தள்ளிக் கட்டினர். கொள்ளையர் பயம் தீர்ந்தபின் கடற்கரையே வசதியாயிற்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒவ்வொரு குடும்பமாக லிவாதியாவுக்கு இறங்கிற்று. வேறு பலர் ரோட்ஸுக்கும், அமெரிக்காவுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறினர். 1960-களுக்குப் பின் இங்கே யாரும் இல்லை. தீவில் நல்ல மரம் அரிது. ஆகவே கீழே புது வீடு கட்டியவர்கள் உத்திரங்களையும் கதவுகளையும் பெயர்த்துத் தோளில் சுமந்து சென்றனர். அதனால்தான் ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை.

அந்தச் சுவர்களுக்கிடையே நின்றபோதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. நாங்கள் ஐந்து நாட்களாக மெச்சிக்கொண்டிருந்த அமைதி, இத்தீவுக்கு இயற்கை கொடுத்ததல்ல. போனவர்கள் விட்டுச் சென்றது அது. நாங்கள் பணம் கொடுத்துத் தேடி வந்த நிசப்தம், யாரோ ஒரு தாய் மகனைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பிய வீட்டின் நிசப்தம். எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் இப்பொழுது அதே அமைதிதான் இருக்கும். அதை அனுபவிக்க யாரும் விடுமுறை எடுத்துக்கொண்டு வருவதில்லை.

அன்று இரவு இதை வீட்டுக்கார அம்மாளிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. ஸெனிதியா. அயல் மண்ணில் வாழ்வது என்று பொருள். அதைப் பற்றியே எங்களிடம் நூற்றுக்கணக்கான பாட்டுகள் உண்டு. மெல்போர்னில் கல்யாண வீடுகளில்கூட அவற்றைப் பாடி அழுவோம்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனால் அழுதுகொண்டே இருந்தால் ஊர் நிலைக்காது" என்றும் சொன்னார்.

ஊரைக் காத்தவர்கள்

அவர் சொன்னதன் பொருளைப் பிறகு நாங்கள் கண்டோம். எஞ்சியிருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1993-இல் தீவு முழுவதும் வேட்டையாடுவதைத் தடை செய்தனர். இன்று அரிய வகைக் கழுகுகளும் வல்லூறுகளும் இங்கே கூடு கட்டுகின்றன. அவற்றைக் காணவே பலர் வருகின்றனர். முன்பு மின்சாரம் கோஸ் தீவிலிருந்து கடலடிக் கம்பி வழியே வந்தது, அடிக்கடி நின்றுவிடும். 2015-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் ஒரு திட்டம் தொடங்கினர். 800 கிலோவாட் ஆற்றலுள்ள ஒரே ஒரு காற்றாலை, 160 கிலோவாட் சூரியத் தகடுகள், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரும் மின்கலங்கள் ஆகியவற்றை அமைத்தனர். இச்சிறு தீவின் முயற்சிக்கு 2017-இல் ஐரோப்பிய விருது கிடைத்தது. 2021-இன் இறுதியிலிருந்து குப்பையை வீடு வீடாகத் தரம் பிரித்து வாங்குகின்றனர். பழைய குப்பைமேட்டை மூடிவிட்டனர். தெருவில் குப்பைத் தொட்டி இல்லாததைக் கண்டு முதல் நாள் குறை சொன்னோம். காரணம் தெரிந்தபின் வெட்கப்பட்டோம்.

சிரியா நாட்டிலிருந்து போருக்குத் தப்பி வந்த சில குடும்பங்களுக்கும் இத்தீவு இடம் கொடுத்தது. அவர்களுட் சிலருக்குக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வேலையும் கொடுத்தது. தன் மக்களை அயல்நாடுகளுக்கு அனுப்பிய ஊருக்கு, வந்து நிற்கும் அயலாரின் முகம் தெரியாதா?

சென்றவர்களும் மறந்துவிடவில்லை. ஜூலை 27-ஆம் நாள் புனித பந்தலேமோன் திருவிழா. காசு வாங்காமல் நோய் தீர்த்த மருத்துவர் என்று போற்றப்படும் அப்புனிதரின் மடம் தீவின் வடமேற்கு மலைச்சரிவில், ஊற்று நீரும் நிழல் மரங்களும் சூழ இருக்கிறது. ரோட்ஸிலிருந்தும் ஏதென்ஸிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் மக்கள் அவ்விழாவுக்கு வருகின்றனர். நம் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு வருவதைப் போலத்தான். பாட்டும் கூத்தும் விடியும்வரை நடக்கும். பேரூரின் சதுக்கத்தில் கிண்ணத்தின் பெயரால் வழங்கும் ஒரு நடனத்துடன் விழா நிறைவுறும். கூரையில்லாத மிக்ரோ ஹோரியோவிலும் கோடை இரவுகளில் ஒரு கேளிக்கைக் கடை திறக்கிறது. இடிந்த வீடுகளுக்குள் விளக்கு ஏற்றுகின்றனர். கீழிருந்து பார்த்தால் ஊரில் எல்லாரும் விழித்திருப்பதுபோல் தோன்றுமாம்.

காற்று கற்பித்த பாடம்

நாங்கள் புறப்பட வேண்டிய நாளுக்கு முன்னிரவு வட காற்று எழுந்தது. 'மெல்தேமி' என்று அதற்குப் பெயர். வானத்தில் ஒரு மேகமும் இல்லை; ஆனால் கடல் முழுவதும் நுரை. காற்று ஓர் அளவைத் தாண்டினால் கப்பல்கள் புறப்படத் தடை விதித்துவிடுவார்கள். காலையில் துறைக்கு ஓடினேன்; படகு இல்லை. பத்து மணிக்கு ஓடினேன், இல்லை. நண்பகலிலும் ஓடினேன். நான்காம் முறை புறப்பட்டபோது காபிக் கடையில் இருந்த ஒரு முதியவர் நாற்காலி ஒன்றை என் பக்கம் நகர்த்திவிட்டு, கடலைக் காட்டி, கையை விரித்தார்.

உட்கார்ந்தேன். மும்பை விமானத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதை அறிந்தும் ஓடிக்கொண்டிருந்தேன் என்பது அப்பொழுதுதான் உறைத்தது. சும்மா இருப்பதன் அருமையை நம் பெரியோர்கள் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். மின்சார ரயிலைப் பிடிக்க முப்பது ஆண்டுகள் ஓடியவனுக்கு அது எளிதில் கைகூடுவதில்லை. அன்று பிற்பகல் முழுவதும் அம்முதியவருடன் அமர்ந்திருந்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குக் கிரேக்கம் தெரியாது. பத்து நாட்களில் நான் உண்மையாகவே ஓய்வு கொண்டது அன்று ஒரு நாள்தான்.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள்: கிரேக்க நாட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பிப்பது நலம். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் ஏற்றவை. குளிர்காலத்தில் விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். நடப்பதற்கு உறுதியான காலணி கொண்டு செல்க. மலைப் பாதைகள் கல்லும் முள்ளுமானவை. திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது கையிருப்பாக வைத்துக்கொள்க. காற்று நம் சீட்டைப் பார்ப்பதில்லை.

மறுநாள் காற்று தணிந்தது. வீட்டுக்கார அம்மாள் துறை வரை வந்தார். கோடை முடிந்து பிரியும்போது கிரேக்கர் ஒருவரையொருவர் "காலோ ஹிமோனா" என்று வாழ்த்துகின்றனர். நல்ல குளிர்காலம் ஆகுக என்பது பொருள். அவரும் அப்படியே வாழ்த்தினார். "மும்பையில் குளிர்காலம் கிடையாதே" என்றாள் என் மனைவி. அவர் சிரித்துவிட்டு, "இருபத்திரண்டு ஆண்டுகள் என் வீட்டின் சாவி மெல்போர்னில் சமையலறைச் சுவரில் தொங்கிற்று. நான்கு முறைதான் வந்து திறக்க முடிந்தது. ஆனாலும் கூரை விழவில்லை" என்றார்.

படகு வளைகுடாவை விட்டு வெளியேறும் வரை நாங்கள் பேசவில்லை. ரோட்ஸ் தெரியத் தொடங்கியபோது, "பொங்கலுக்குச் சீட்டு வாங்கிவிடுங்கள்" என்றாள் என் மனைவி. ஊரில் நமக்கு இப்பொழுது யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வாங்கியாயிற்று. ஓடுகளை மாற்ற ஓர் ஆளை இப்பொழுதே சொல்லி வைத்திருக்கிறேன்.